செயின் கழண்ட துவக்கு

இரண்டு முறை நான் கர்ப்பமாக இருந்திருக்கிறேன். ஒருமுறை சைவக் கோயில் குருக்களாக இருந்தேன்; என் பெயரோ செபமாலைமுத்து. அரசாங்கம் தரும் பெனிபிட் பணம் நிறுத்தப்பட்ட கிழவனாக, பல்லுப் பிடுங்கப் பயந்த புது மணப்பெண்ணாக, கவுன்சில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கத்திய ஐந்து பிள்ளைகளின் தாயாக எல்லாம் லண்டனில் இருந்து பார்த்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளன் பிழைப்பு அப்படி. பக்கத்தில் இருப்பவர் ‘எனக்கு நோகுது’ என்றால் நானும் ஆங்கிலத்தில் ‘எனக்கு நோகிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவருக்கு நோகிறதாம்’ என்று சொல்லக்கூடாது.

கணக்காளர் பரீட்சை எழுதத்தான் எழுபதுகளில் இங்கே வந்தேன். பரீட்சைக்கு என்மேல் அலாதிப் பிரியம். ஒவ்வொரு தடவையும் ‘அடுத்த தடவையும் கட்டாயம் வாருங்கள்’ என்று அன்போடு திருப்பி அனுப்பியது. அந்த நட்பு முறிந்த பிறகு எனக்கு எஞ்சியது இரண்டு மொழிகள். இரண்டிலும் கொஞ்சம் திக்குவேன். அதுவே போதும் என்று நீதிமன்றங்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கின.

பாலேந்திராவின் வழக்கு தொண்ணூற்று நாலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்தது. ஸ்ட்ராண்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், லிஃப்ட் இரைந்துகொண்டே ஏறும் ஒரு கட்டடம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு. இதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அவனுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். இரவல் கோட்டின் கை நீளமாக இருந்ததால் விரல் நுனி மட்டும் தெரிந்தது. எதிர்ப்பக்கம் அரசாங்கத் தரப்பு அதிகாரி, சவரம் செய்த கன்னம் பளபளக்கும் ஓர் இளைஞர். பாலேந்திராவுக்காக வாதாட ஒரு வெள்ளைக்காரப் பெண் வக்கீல். மேலே மேசையில் தீர்ப்பாளர், அறுபதை நெருங்கியவர், தடிமன் பிடித்து ஒழுகும் மூக்கு. பின்வரிசையில், மேலங்கியைக் கழற்றாமல், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி. அவனுடைய அக்கா தவநாயகி. அவனுக்கு முன்னமே லண்டன் வந்தவர். பிளேஸ்டோவில் இருந்துகொண்டு ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்தார்; தம்பியும் அவர் வீட்டில்தான் இருந்தான். பாலேந்திராவின் கதையில், ஊரில் இராணுவச் சிப்பாய் ஒருவனால் சுடப்பட்டு இறந்தவர் இந்த அக்காவின் கணவர் சிவானந்தன்.

நிராகரிப்புக் கடிதத்தை அதிகாரி வாசித்தார். எட்டாம் பந்திக்கு வந்ததும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

“சிப்பாயின் துப்பாக்கி ஏன் உங்களைச் சுடவில்லை என்று கேட்கப்பட்டபோது, ‘ஆரம்பம் இறுகிவிட்டது’ என்று கூறினீர்கள். மேலும் விசாரித்தபோது ‘செயின் கழண்டுவிட்டது’ என்று கூறினீர்கள். துப்பாக்கிகளில் செயின் இருப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே உங்கள் கூற்று முழுவதும் நம்பத்தகாதது.”

நான் அதைத் தமிழில் சொன்னேன். பாலேந்திரா என்னைப் பார்த்த பார்வையில், செயின் கழண்டது எனக்குத்தான் என்று அவன் முடிவுகட்டியது தெரிந்தது.

“அண்ணை, நான் துவக்கெண்டெல்லோ சொன்னனான்?”

எனக்கு விளங்கிவிட்டது. முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவர் நரசிம்மன். தமிழ்நாட்டுக்காரர், ரெய்னர்ஸ் லேன்வாசி, எனக்கு நண்பர். அவருடைய தமிழுக்கு முன்னால் என்னுடையது உடைந்த கோப்பை. ஆனால் அவர் ஊரில் சுடுவது துப்பாக்கி; எங்களுக்கு அது துவக்கு. அவருக்குத் துவக்கு என்றால் தொடக்கம். ‘துவக்கு இறுகிப்போச்சு’ என்று இவன் சொன்னதை, ‘ஆரம்பம் இறுகிவிட்டது’ என்று அவர் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் மொழிபெயர்த்திருக்கிறார். அது என்ன ஆரம்பம் என்று அவருக்கும் விளங்கியிருக்காது. அகதிகள் சொல்வதில் பாதி யாருக்கும் விளங்காது என்று விட்டிருப்பார்.

அடுத்தது செயின். ஒரு வெடி போனதும் வெற்றுத் தோட்டாக்கோதைத் தூக்கி எறிந்து, அடுத்த ரவையைத் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் அந்த ஒரு சுற்று வேலைக்கு ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ என்று பெயர். விசாரித்த அதிகாரி சனி ஞாயிறுகளில் சுடும் கிளப்புக்குப் போகிறவராக இருந்திருக்க வேண்டும். ‘சைக்கிளில் ஏதாவது கோளாறா?’ என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டிருக்கிறார். நரசிம்மன் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக் கேட்டிருக்கிறார். இவன் சத்தியமாகப் பதில் சொல்லியிருக்கிறான். இவனும் அத்தானும் சைக்கிளில்தான் போனார்கள். வாய்க்கால் கரையில் செயின் கழண்டதால்தான் இறங்கி நின்றார்கள்.

மொழிபெயர்ப்பாளன் விளக்கம் சொல்லக்கூடாது. ஆனால் வக்கீல் கேட்டு, தீர்ப்பாளர் தலையாட்டி, நான் எழுந்து சொன்னேன். துவக்கு, துப்பாக்கி, தொடக்கம், சைக்கிள், சைக்கிள். சொல்லி முடித்ததும் தீர்ப்பாளர் மூக்கைத் துடைக்கும் சாட்டில் சிரித்தார். வக்கீல் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றவிருந்த பிழை. ஆனாலும் நல்ல பகிடி.

அரசாங்கத் தரப்பு இளைஞர் சிரிக்கவில்லை.

“செயினை விட்டுவிடுவோம். நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி அது தானாக ரவை ஏற்றும் எஸ்.எல்.ஆர். ரகத் துப்பாக்கி. விசையை ஒவ்வொருமுறை அழுத்தும்போதும் வெடிக்கும். அப்படியிருக்க ஒரு வெடியோடு எப்படி நின்றது?”

“தெரியாது, ஐயா. அத்தானுக்குச் சுட்டவன். பிறகு என்னைப் பாத்து நீட்டினவன். அமத்தினவன். டிக் எண்டு சத்தம் மட்டும் கேட்டது. நான் வாய்க்காலுக்குள்ளை பாஞ்சிட்டன்.”

“வசதியான அதிர்ஷ்டம்.”

இதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது தீர்ப்பாளர் கையைத் தூக்கினார்.

“நான் பட்டாளத்தில் இந்த ரகத்தைச் சுமந்தவன். ஒன்றிரண்டு கேள்விகளை நானே கேட்கிறேன். டிக் என்றதும் அவன் என்ன செய்தான்?”

“பக்கத்திலை ஒரு கைபிடி. அதைப் பின்னுக்கு இழுத்தவன்.”

“எந்தக் கையால்?”

பாலேந்திரா கண்ணை மூடினான். கோட்டுக் கைக்குள் இருந்து இடது கை வெளியே வந்து காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. தீர்ப்பாளரின் கண்கள் அந்தக் கையோடு போய் வந்தன. அந்த ரகத்துக்குக் கைபிடி இடது பக்கம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“இழுத்த பிறகு வெடித்ததா?”

“வெடிச்சது. எனக்குப் படேல்லை. தண்ணியிலை பட்டது. நான் கோரைப் பத்தைக்குள்ளை போயிட்டன்.”

“அடுத்தது?”

“அடுத்ததும் டிக். திரும்ப இழுத்தவன்.”

“ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்க வேண்டியிருந்ததா? வெற்றுக்கோது எங்கே விழுந்தது? தூரத் துள்ளியதா?”

“இல்லை, ஐயா. காலடியிலை, சோம்பேறித்தனமா விழுந்தது.”

சோம்பேறித்தனமா என்ற சொல்லை நான் அப்படியே கொடுத்தேன். தீர்ப்பாளர் கதிரையில் நிமிர்ந்தார். தடிமன் போய்விட்டது போலிருந்தது.

“காஸ் போதவில்லை,” என்றார் அரசாங்கத் தரப்பைப் பார்த்து. “வெடித்த புகையில் ஒரு பங்குதான் உள்ளே தண்டைப் பின்னால் தள்ள வேண்டும். அழுக்கேறினாலோ, திருகு பிழையாக வைத்திருந்தாலோ தள்ளு காணாது. தண்டு பாதிவழி போய்த் திரும்பிவிடும். கோது விழும், புதிய ரவை ஏறாது. எங்களுக்கு எத்தனை தடவை நடந்திருக்கிறது!”

“மேல்முறையீட்டாளருக்கு ஆயுதங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது,” என்றார் இளைஞர். “எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?”

பார்த்தீர்களா, வாய்க்காலுக்கு இந்தக் கரை அந்தக் கரை. துப்பாக்கியைப் பற்றித் தெரியாவிட்டால் பொய்யன். தெரிந்தால் பயங்கரவாதி.

“ஒரு இடத்திலையும் இல்லை. பாத்துக்கொண்டு கிடந்தனான். என்னைச் சுடப்போற சாமானை நான் பாக்காமல் வேறை எதைப் பாக்கிறது?”

தீர்ப்பாளர் அந்தப் பதிலை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு மேசைமேல் சாய்ந்தார். அங்கே இரண்டு பேர் ஒரு பழுதான துப்பாக்கியை நடுவில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பது போல ஆகிவிட்டது. ஒருவர் கேட்டார், மற்றவர் கைகளால் காட்டினார். நான் நடுவில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் எடுபிடி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் உற்சாகம் தொற்றிவிட்டது.

“பிறகு என்ன செய்தான்?”

“குந்தி இருந்தவன். துவக்கை முழங்காலிலை வைச்சவன். முன்னுக்கு, குறி பாக்கிற முள்ளுக்குக் கீழை, ஏதோ ஒண்டைத் திருப்பினவன்.”

“திருகு! அதேதான். எந்தப் பக்கம் திருப்பினான்?”

“அது தெரியேல்லை. கொஞ்சம் திருப்பி, ஊதிப் பாத்து, திரும்பவும் திருப்பினவன். அவசரமில்லை அவனுக்கு. கழண்ட செயினை நாங்கள் கொழுவிற மாதிரி, நாக்கைக் கடிச்சுக்கொண்டு.”

“திருத்திவிட்டானா?”

“ஓம், ஐயா. சரிவந்திட்டுது.”

“சரிவந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பாலேந்திராவின் கைகள் காற்றில் நின்றன.

இளைஞர் எழுந்தார். “அதோடு இன்னொன்று. திருத்திய பிறகும் நீங்கள் அவன் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தீர்கள். ஏன் உங்களைச் சுடவில்லை?”

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. அவன் மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல், தீர்ப்பாளரைப் பார்த்து, அதுவரை அவன் வாயில் நான் கேட்டிராத ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கல் பொறுக்குவது போல எடுத்து வைத்தான்.

“சேர். ஹி… நாட் மீ. அதர் மேன். அதர் மேன் நாட் டை ஃபர்ஸ்ட்.”

அவன் ஏன் ஆங்கிலத்துக்கு ஓடினான் என்று விளங்கியது எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அத்தான் முதல் வெடியிலேயே முடிந்துவிட்டார், ஒரு நோவும் இல்லை என்றுதான் அக்காவுக்கு அவன் இத்தனை வருடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். அதே வாக்கியம்தான் அவனுடைய வாக்குமூலத்திலும் இருந்தது. அக்காவுக்கு விளங்காத மொழி ஒன்று வேண்டியிருந்தது அவனுக்கு. அதற்குத் தன்னிடம் இருந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களையும் செலவழித்துவிட்டான்.

இளைஞர் துள்ளினார். “ஆங்கிலம் தெரியாது என்று சொன்னவர்! அத்துடன் வாக்குமூலத்துக்கும் இதற்கும் முரண்பாடு.”

“தயவுசெய்து உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்,” என்றார் தீர்ப்பாளர். அதட்டவில்லை. பதிவு சுத்தமாக இருந்தால் அவனுக்குத்தான் நல்லது என்று நினைத்தார். “முழுவதையும்.”

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

வக்கீல் கெட்டிக்காரி. பின்னால் பார்த்து, முன்னால் பார்த்து, எழுந்து, “பின்வரிசையில் இருக்கும் அம்மையார் விரும்பினால் சற்று வெளியே போகலாமா?” என்று கேட்டார். விரும்பினால் போகலாம் என்றார் தீர்ப்பாளர். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். தவநாயகியின் பக்கம் திரும்பினேன். நான் வாயைத் திறக்க முன்னமே அவர் சொன்னார்:

“லாண்டரியிலை இங்கிலீசுதான், அண்ணை. எனக்கு விளங்கினது. நான் இருக்கிறன்.”

பிறகு தம்பியிடம்: “தமிழிலை சொல்லு.”

அவன் சொன்னான். தீர்ப்பாளரைப் பார்த்துச் சொல்லவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சாடியைப் பார்த்துச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் நிறுத்தி எனக்கு இடம் விட்டான். நல்ல சாட்சிகள் அப்படித்தான் செய்வார்கள்.

“அத்தானுக்கு முதல் வெடி இடுப்பிலை பட்டது. அவர் சாகேல்லை.”

அவர் சாகவில்லை என்றேன்.

“நான் கோரைக்குள்ளை கிடக்கேக்கை அவர் கூப்பிட்டவர். ஆமிக்காரன் துவக்கைத் திருத்திக்கொண்டிருக்கேக்கை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். அந்த நேரம் அவன்ரை கையிலை வெடிக்கிற துவக்கு இல்லை. எழும்பிப் போயிருக்கலாம். நான் போகேல்லை.”

நான் போகவில்லை என்றேன். ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியம். எத்தனையோ பேருடைய ‘நான்’ என் வாயால் போயிருக்கிறது. சொல்லிவிட்டு மத்தியானம் சாண்ட்விச் சாப்பிடுவேன். அன்று அந்தச் சொல் பாதிவழி வந்து நின்றது. இருமினேன். தீர்ப்பாளர் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், அது என்னுடைய சொந்த ‘வேண்டாம்’.

“துவக்கு சரிவந்ததோ எண்டு பாக்க வேணுமெல்லோ. அவன் எழும்பி, என்னட்டை வரேல்லை. அத்தானிட்டைப் போனவன். அவரிலைதான் பாத்தவன். கைபிடியை இழுக்கேல்லை. அடுத்தடுத்து வெடிச்சது. கோதுகள் தூரத் துள்ளி விழுந்தது. அதுதான் சரிவந்தது எண்டு தெரியும், ஐயா.”

நான் முடித்தேன். தீர்ப்பாளர் பேனாவை எடுக்கவில்லை. பட்டாளத்தில் தனக்கு எத்தனை தடவை நடந்தது என்று சற்று முன்னர் உற்சாகமாகச் சொன்ன மனிதர், இப்போது தன் இடது கையைப் பார்த்து, அதை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். இளைஞர் உட்கார்ந்து, தன் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குபடுத்தினார். மேலதிகக் கேள்வி இல்லை என்றார்.

எனக்குப் பின்னால் கைப்பையின் கொளுவி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன.

வெளியே தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. தவநாயகி முன்னால் போனார். பஸ் வந்தது, ஏறினார், தம்பி ஏறுகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஏற முயலவும் இல்லை. கோட்டுக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நடைபாதையில் நின்றான். மொழிபெயர்ப்பாளர் விதிப்படி நான் அவனுக்கு வணக்கம்கூடச் சொல்லக்கூடாது.

“எங்கை போகப்போறீர்?”

“தெரியாது, அண்ணை.”

கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் ஒரு சோபா இருந்தது. அதில் படுத்தால் முதுகு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன். அவன் தலையாட்டினான். சில வாரங்கள் அங்கேயே இருந்தான். சமைத்தான், கழுவினான், என் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டான். பேசவில்லை. நான் பகிடி விட்டால் மரியாதைக்குச் சிரித்தான், அது பேசாமலிருப்பதைவிடக் கொடுமை.

ஒரு ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. கீழே இறங்கிக் கதவைத் திறந்தேன். தவநாயகி. வக்கீலிடம் விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். கையில் உடைத்த கடித உறை.

“என்ரை விலாசத்துக்கு வந்தது. அவனுக்குக் கிடைச்சிட்டுது, அண்ணை. இருக்கலாமாம். குடுத்துவிடுங்கோ.”

“மேலை வாங்கோ, தங்கச்சி.”

“இல்லை. சப்பாத்து ஈரம்.”

நான் ஏறிப்போய்க் கொடுத்தேன். அவன் வாசித்தான், மடித்தான், சோபாவில் வைத்தான். “அக்கா நிக்கிறாவோ?”

“நிக்கிறா.”

“சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ.”

இறங்கினேன். சாப்பிட்டுவிட்டாராம், அவனிடம் குளிருக்குச் சொந்தமாகக் கோட் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். ஏறினேன். இருக்கிறது, அக்கா கவலைப்பட வேண்டாம் என்றான். இறங்கினேன். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தமிழைப் பேசும் இரண்டு பேருக்கு நடுவில், நாற்பத்தெட்டு வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு நான்.

தவநாயகி குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

“அண்டைக்கு, அவர் கூப்பிட்டவர் எண்டு சொன்னவன். என்ன சொல்லிக் கூப்பிட்டவர் எண்டு கேளுங்கோ. என்ரை பேரைச் சொன்னவரோ?”

இந்தத் தடவை படி ஏற எனக்கு நேரம் எடுத்தது. கேட்டேன். பாலேந்திரா யன்னலருகே போய் நின்றான். நான் படி இறங்கத் திரும்பும்போதுதான் சொன்னான்.

“இல்லை, அண்ணை. ‘பாலா, பாலா’ எண்டு. என்னைத்தான் கூப்பிட்டவர்.”

மேலே உண்மையாக இருந்தது கீழே போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாக மாறிவிடாதா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். மாறவில்லை. சொன்னேன்.

தவநாயகி தலையை மெல்ல ஆட்டினார்.

“அவனைத்தான் கூப்பிடுவார். சந்தைக்குப் போறதெண்டாலும் அவன் வந்தால்தான் வெளிக்கிடுவார். என்னிலைகூட இல்லை, அவனிலைதான் நம்பிக்கை.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “இதை அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை.”

குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்.

நான் மேலே வந்தேன். அவன் அறை நடுவில் நின்றான்.

“என்ன சொன்னவ?”

“ஓம் எண்டவ.”

“வேறை?”

“வேறை ஒண்டுமில்லை,” என்றேன். கேத்திலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் நான் திரும்பவில்லை.